அப்பாவுக்குக் கேட்கிற சத்தம்

திருமண மண்டப ஒலிபெருக்கிகளைப் பற்றிப் போன வாரம் எழுதியது சிலரைச் சுட்டிருக்கிறது போல. “நீங்களே காலையிலே வானொலியிலே கத்துறீங்க, மண்டபத்தைக் குறை சொல்லலாமா?” என்று ஓர் அக்கா குரல் பதிவு அனுப்பியிருந்தார். நியாயம்தான். அதனால் இந்த வாரமும் சத்தம்தான் விஷயம். ஆனால் இது நான் காசு கொடுத்து வாங்கிய சத்தம்.

விலை 450 வெள்ளி. எங்கள் நிலையத்து ஒலிப்பதிவாளர் ஒருவர் தரை வீட்டிலிருந்து அடுக்குமாடிக்கு மாறினார். மாறிய இடத்தில் அவருடைய நைட்ரோ டிரக்கை ஓட்ட முடியாது. ஓட்டினால் பத்து மாடியும் எழுந்து நிற்கும். “எடுத்துக்கோ. ஓடும். கொஞ்சம் பொறுமை மட்டும் வேணும்” என்றார். காரை விற்பவர்களும் இப்படித்தான் சொல்வார்கள் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

ரிமோட்டில் ஓடும் வண்டி என்றதும் பேட்டரி போட்ட பொம்மையை நினைக்காதீர்கள். இது அரை மீட்டர் நீளம், கையில் தூக்கினால் 5 கிலோ அரிசிப் பை கனம். நடுவில் உண்மையான எஞ்சின். கொள்ளளவு 3.5 சி.சி. நம் வீட்டுத் தேக்கரண்டியில் 5 மில்லி பிடிக்கும் என்றால் அதைவிடச் சிறியது. அந்தச் சின்ன வயிற்றுக்குள் நிமிடத்துக்கு 30,000 சுற்று சுற்றுகிறது. நீங்கள் ஓட்டும் மைவியோ சாகாவோ 6,000 சுற்றைத் தாண்டினாலே அலறும்.

பெட்ரோல் கிடையாது. மெத்தனால், அதில் ஐந்தில் ஒரு பங்கு நைட்ரோமீத்தேன், அதோடு கொஞ்சம் எண்ணெய். இந்த நைட்ரோமீத்தேன் விசித்திரமான சரக்கு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். இதற்கு 1.7 கிலோ போதும். மிச்ச ஆக்ஸிஜனைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற ஆள் மாதிரி. அதனால் அதே சின்ன வயிற்றுக்குள் அதிக எரிபொருளை அனுப்பலாம், அதிக வலு கிடைக்கும்.

நான் வாங்கி வந்த முதல் ஞாயிறு, வீட்டு வாசலில் வைத்து இழுத்தேன். எஞ்சினின் பின்னால் ஒரு கயிறு இருக்கும், புல்வெட்டும் இயந்திரத்தில் இருப்பது மாதிரி. இழுத்தேன், இழுத்தேன், வலது உள்ளங்கையில் கொப்புளம் வரும்வரை இழுத்தேன். இரண்டு தடவை இருமியது. அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு கயிறே நகரவில்லை. இரும்பு மாதிரி இறுகிவிட்டது. எஞ்சின் ‘ஜாம்’ ஆகிவிட்டது, 450 வெள்ளி போச்சு என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்தார். 38 வருடம் போர்ட் கிள்ளான் பக்கம் லோரி எஞ்சின்களுக்குள் கையை விட்டவர். பட்டறையை மூடிய பிறகு எதையும் கழற்றிப் பார்த்ததில்லை. என் காரை சர்வீஸுக்கு விடும்போதுகூட ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

கயிற்றை ஒரு தடவை லேசாக இழுத்துப் பார்த்தார். “மூச்சு முட்டிப் போச்சு” என்றார்.

அதுதான் விஷயம். எஞ்சின் பிடிக்காதபோது நாம் இழுத்துக்கொண்டே இருந்தால் எரிபொருள் உள்ளே போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். திரவத்தை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வர இடமில்லாமல் நின்றுவிடும். அந்த நேரத்தில் பலம் காட்டி இழுத்தால் கயிறு அறும், அல்லது உள்ளே கம்பி வளையும். அப்பா தலைமேல் இருந்த பிளக்கைக் கழற்றினார், வண்டியைத் தலைகீழாகப் பிடித்தார், “இப்ப இழு” என்றார். ஓட்டை வழியாக எரிபொருள் பீய்ச்சிக்கொண்டு தரையில் விழுந்தது. நாலைந்து இழுப்பில் காலி. கயிறு வெண்ணெய் மாதிரி வந்தது.

(வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்கள் பக்கத்தில் வைத்துச் செய்யாதீர்கள். மெத்தனால் விஷம். தீப்பிடித்தால் வெயிலில் அதன் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. எரிபொருள் தகரத்தின் மூடியையும் இறுக்கமாக மூடுங்கள். நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் எந்த ஊசியைத் திருப்பினாலும் எஞ்சின் சரியாக ஓடாது.)

அப்பா கழற்றிய பிளக்கை வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே மயிரிழை மாதிரி ஒரு கம்பிச் சுருள். இதற்குக் குளோ பிளக் என்று பெயர். அமெரிக்காவில் ரே ஆர்டன் என்பவர் 1940களின் கடைசியில் இதை விற்பனைக்குக் கொண்டு வந்த பிறகுதான் சின்ன எஞ்சின்கள் பேட்டரியும் சுருளும் தூக்கித் திரிவதிலிருந்து தப்பித்தன. தொடங்கும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் இக்னைட்டரை மாட்டிக் கம்பியைச் சிவக்க வைக்கிறோம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இக்னைட்டரை எடுத்துவிடலாம். கம்பியில் இருக்கும் பிளாட்டினமும் மெத்தனாலும் சேர்ந்தால் சூடு பிறக்கும். ஒவ்வொரு வெடிப்பின் சூடும் அடுத்த வெடிப்பு வரை கம்பியைச் சிவப்பாகவே வைத்திருக்கும். இக்னைட்டரை மாட்டிக் காட்டினேன். என் இக்னைட்டரில் கம்பி சிவக்கவே இல்லை. பேட்டரி செத்து எத்தனை மாதமோ. இரண்டு ஞாயிறு வெறுங்கயிறு இழுத்திருக்கிறேன்.

“டீசல்காரன்தான் இவன். தீப்பொறி வேணாம், சூடு போதும்” என்றார் அப்பா. அவர் குரலில் எனக்கு ரொம்ப நாளாகக் கேட்காத ஒன்று இருந்தது.

புது பேட்டரி. கார்பரேட்டர் வரை எரிபொருள் வந்துவிட்டதா என்று குழாயில் பார்த்துக்கொண்டு, புகைபோக்கி வாயை விரலால் ஒரு நொடி மூடி இரண்டு இழுப்பு. விரலை எடுத்துவிட்டு, குட்டையாக, சுண்டுகிற மாதிரி இழுக்க வேண்டும். கை நீளத்துக்குக் கயிற்றை உருவக் கூடாது. மூன்றாவது இழுப்பில் பிடித்தது. நீலப் புகை வாசல் முழுக்க. அம்மா உள்ளேயிருந்து கத்தினார். பக்கத்து வீட்டு மக்சிக் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே மூடினார். அன்று முதல் ஞாயிறு பத்து மணிக்கு முன்னால் ஸ்டார்ட் செய்வதில்லை, தாமானுக்குள் ஓட்டுவதுமில்லை என்று நாங்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். பின்பக்கம் வீடு கட்டப் போகிறோம் என்று செம்பனையை வெட்டிப் போட்டு, கட்டாமலேயே விட்ட நிலம் ஒன்று இருக்கிறது. அதுதான் எங்கள் மைதானம்.

ஓட வைப்பது பாதி வேலை. சரியாக ஓட வைப்பதுதான் வேலை.

கார்பரேட்டரில் முக்கியமாக இரண்டு ஊசிகள் இருக்கின்றன. ஒன்று வேகத்துக்கு, ஒன்று மெதுவுக்கு. எவ்வளவு எரிபொருள் உள்ளே போக வேண்டும் என்பதை இவை முடிவு செய்கின்றன. வலப்பக்கம் திருப்பினால் எரிபொருள் குறையும், இடப்பக்கம் திருப்பினால் கூடும். மூன்றாவதாக ஒரு திருகு, சும்மா நிற்கும்போது எஞ்சின் எவ்வளவு சுற்ற வேண்டும் என்பதற்கு. வேக ஊசியைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு. ஒரு தடவைக்கு ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு. அதற்கு மேல் திருப்பினால் எங்கே இருந்தோம் என்பதே மறந்துபோகும்.

எரிபொருள் கூடினால் வண்டி சோம்பும், ஏப்பம் விடும், புகை கக்கும். குறைத்தால் வேகம் வரும். இன்னும் குறைத்தால் இன்னும் வேகம். இங்கேதான் ஆசை காட்டி மோசம் செய்கிறது. இந்த எஞ்சினுக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி இல்லை. மசகு எண்ணெய் எரிபொருளோடு கலந்துதான் வருகிறது. எரிபொருளைக் குறைத்தால் எண்ணெயும் குறையும், சூடு ஏறும். அது மிக அழகாகக் கத்துகிற நேரம்தான் அது சாகப் போகிற நேரம்.

இதை அப்பா இரண்டே சொல்லில் முடிப்பார். “எண்ணெ கூட.” “எண்ணெ குறைச்சல்.” கையில் வெப்பமானி இருக்கிறது, நான் வாங்கியதுதான், துப்பாக்கி மாதிரி பிளக்கை நோக்கிப் பிடித்தால் எண் காட்டும். 95இலிருந்து 120 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் நிம்மதி. அப்பா அதைப் பார்ப்பதில்லை. எச்சில் மாதிரி ஒரு சொட்டுத் தண்ணீரை எஞ்சின் தலையில் விடுவார். நாலைந்து நொடியில் கொதித்து மறைந்தால் சரி. விழுந்ததும் ‘சுர்’ என்று பறந்தால் “எண்ணெ குறைச்சல்”. சும்மா உட்கார்ந்திருந்தால் “எண்ணெ கூட”. மெது ஊசிக்கு இன்னொரு சோதனை. எஞ்சின் சும்மா ஓடும்போது கார்பரேட்டருக்குப் போகும் குழாயை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று நொடி ஓடி, சுற்று கொஞ்சம் ஏறி, அப்புறம் நிற்க வேண்டும். உடனே நின்றால் எரிபொருள் குறைவு. ரொம்ப நேரம் ஓடினால் அதிகம்.

நம் ஊர் வெயிலும் ஈரமும் இதில் விளையாடும். சூடான ஈரக் காற்றில் ஆக்ஸிஜன் குறைவு, ஆகவே அதே ஊசி நிலையில் எரிபொருள் அதிகமாகத் தெரியும். மழை விட்ட காலையில் சரியாக இருந்தது மதியம் சோம்பும். கேமரனுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று அப்பாவிடம் கேட்டேன். “அங்க போய் ஸ்ட்ராபெரி சாப்பிடு” என்றார்.

இன்னொன்று. புது எஞ்சின் வாங்குகிறவர்கள் முதல் நாலைந்து டேங்க் எரிபொருளை அதிகம் வைத்து மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். பிஸ்டனும் உருளையும் ஒன்றுக்கொன்று தேய்ந்து இடம் பிடிக்க அவ்வளவு நேரம் வேண்டும். ரிமோட்டை முதலில் ஆன் செய்து, அப்புறம் வண்டியை ஆன் செய்யுங்கள். அணைக்கும்போது வண்டி முதலில். மாற்றிச் செய்தால் ஒலிபரப்பாளர் இல்லாத வானொலி மாதிரி வண்டி தன் இஷ்டத்துக்குப் போகும். என் தொழில்மீது இவ்வளவு மரியாதை வைத்திருக்கும் பொருளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்போது அந்த ஞாயிறுக்கு வருகிறேன்.

அப்பா நிலத்தின் ஓரத்தில், மிச்சமிருந்த ஒரே மரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் எண்பது தப்படி தூரத்தில். அவருக்குத் தெரியாமல் வேக ஊசியை ஒரு எட்டு வலப்பக்கம் திருப்பினேன். வண்டி பறந்தது. இன்னொரு எட்டு. செம்மண்ணில் வால் ஆட்டிக்கொண்டு போகிறது, பார்க்கவே சுகம். புகையைத் தேடினேன். இல்லை. புகை இல்லாதது நல்லதுதானே என்று மூளைக்கு ஒரு பொய் சொல்லிவிட்டு மூன்றாவது எட்டையும் திருப்பினேன்.

அப்பா ஸ்டூலை விட்டு எழுந்து கையை ஆட்டிக்கொண்டு வருகிறார். “நிறுத்து! விட்டதுக்கப்புறமும் எறங்கல பாரு, விட்டதுக்கப்புறமும் எறங்கல!”

விசையை விட்டால் எஞ்சின் உடனே தணிய வேண்டும். அது தணியாமல் மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எரிபொருள் வற்றிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ஹெட்ஃபோன் போட்டு வருடக்கணக்கில் பிழைக்கும் எனக்குக் கேட்கவில்லை. அவருக்கு எண்பது தப்படிக்கு அப்பால் கேட்டது. நான் நிறுத்துவதற்குள் வண்டியே நிறுத்திக்கொண்டது. பிளக்கைக் கழற்றினால் கம்பிச் சுருள் உருகி ஒரு முனையில் உருண்டை கட்டியிருந்தது. பிஸ்டன் தப்பியது பெரிய விஷயம்.

அவர் என்னைத் திட்டவில்லை. குனிந்து எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால், இரண்டு கை தூரத்தில் நின்று, “அப்பா, பஞ்சு எடுங்க” என்றேன்.

“அஞ்சா? அஞ்செல்லாம் கூடாது. எட்டுல ஒண்ணுன்னு எத்தனை தடவை சொல்றது?”

நான் சிரித்துவிட்டேன். “பஞ்சு, பஞ்சு!”

“அதான் சொல்றேன், அஞ்சு வேணாம்.”

அப்போதுதான் சிரிப்பு நின்றது.

என் கதையில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அப்பா எனக்கு மெக்கானிக்கல் எஞ்சினியரிங் பாரம் வாங்கி வைத்திருந்தார். நான் ஊடகத் துறையை எடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கட்டணத்தைக் கட்டினார். வானொலியில் சேர்ந்த புதிதில் பட்டறையில் என் நிகழ்ச்சியைத்தான் வைப்பார் என்று அங்கே வேலை செய்த அண்ணன்கள் சொல்வார்கள். அந்தப் பட்டறையில் வானொலி ஆறு என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே நாள் முழுக்கத் தமிழ் வானொலி பாடும். பிறகு, ஆறேழு வருடத்துக்கு முன்னால், அப்பா வானொலி கேட்பதையே விட்டுவிட்டார். வீட்டில் நான் பேசுகிற நேரத்தில் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். ஒருநாள் கேட்டேவிட்டேன். “நீங்கல்லாம் இப்ப ரொம்ப வேகமா பேசுறீங்க, ஒண்ணும் வெளங்கல” என்றார். மகன் செய்கிற வேலை அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் என் வேலையைப் பற்றி வீட்டில் பேசுவதை நானும் விட்டுவிட்டேன். ஆறு வருடம் இப்படி ஓடியிருக்கிறது.

‘பஞ்சு’ அன்றைக்கு இரவு வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். நிமிடத்துக்கு 30,000 சுற்று என்றால் நொடிக்கு 500. டூ ஸ்ட்ரோக் எஞ்சின், ஆகவே ஒரு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. அதாவது இந்த வண்டி உச்சத்தில் கத்தும்போது அதன் அடிக்குரல் 500 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். மனிதக் குரலில் அ, ஆ, உ, ஓ என்கிற உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் ஆயிரத்துக்குக் கீழே. ஆனால் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுகிற ச, ஸ, ப, த, க போன்ற மெய்களின் கூர்மை 2,000க்கு மேலே, சில 6,000, 8,000 வரை. ஒலி வல்லுநர்கள் எங்கள் குரலைத் தெளிவாக்கத் திருப்பும் குமிழும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. சத்தத்தில் வேலை செய்கிறவர்களின் காது முதலில் கெடுகிற இடம் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டியது. உள்காதில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை.

அதாவது அப்பாவுக்கு எஞ்சின் கேட்கும். நான் பேசுவது ‘கேட்கும்’. ஆனால் பஞ்சும் அஞ்சும் ஒன்றாகத்தான் கேட்கும். அதிலும் நாங்கள் பேச்சுக்கு அடியில் இசையை வேறு ஓடவிடுகிறோம்.

செவிப் பரிசோதனைக்கு அவரைக் கூட்டிப்போக ஐந்து வாரம் ஆனது. “எனக்கா காது கேக்கல? உன் வண்டி சாகப்போறத யாரு கேட்டது?” என்றார். பதில் சொல்ல முடியாத கேள்வி. கடைசியில் அம்மா, “உங்களுக்குக் கேக்குறதுக்காக நான் கத்திக் கத்தி எனக்குத் தொண்ட போச்சு” என்று சொன்ன பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டார்.

ஒலி புகாத சின்ன அறை. எங்கள் ஸ்டூடியோ மாதிரியே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பேச்சுக் கொடுக்க வந்த விருந்தினர் மாதிரி. சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். வெளியில் இருந்த எனக்கு அவர் கட்டைவிரல் மட்டும் தெரிந்தது. ஆரம்பத்தில் அடிக்கடி அமுங்கியது. அப்புறம் ரொம்ப நேரம் அமுங்கவே இல்லை. அவர் முகத்தில் கவனம் மாறவில்லை. சத்தம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். அது வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

தாளில் வந்த வரைபடம் நான் போட்ட கணக்கு மாதிரியே. ஆயிரம் வரைக்கும் சமதரை. அப்புறம் பள்ளத்தாக்கு. 4,000இல் அடி. பார்த்த அம்மையார் முதலில் கேட்ட கேள்வி, “ஐயா எங்க வேலை செஞ்சீங்க?”

நம் நாட்டில் தொழிற்சாலைச் சத்தத்துக்கு 1989இல் விதி வந்தது. எட்டு மணி நேரத்துக்குச் சராசரி 90 டெசிபெல் வரை என்றது. 2019இல் வந்த புது விதிகள் அதை 85 ஆக்கின. டெசிபெல் கணக்கு விசித்திரமானது. மூன்று கூடினாலே சத்தத்தின் சக்தி இரட்டிப்பாகும், ஆகவே 90க்கும் 85க்கும் நடுவில் பெரிய தூரம். தாளில் எல்லாம் இருக்கிறது. நாலு பேர் வேலை செய்த தகரக் கூரைப் பட்டறைக்குள் யார் வந்து அளந்தார்கள்? காற்றழுத்தத் துப்பாக்கியால் லோரிச் சக்கரத்து நட்டைக் கழற்றும் சத்தத்தை நீங்கள் பக்கத்தில் நின்று கேட்டிருப்பீர்கள். அது அவருக்குத் தினசரி. காதில் எதையாவது மாட்டிக்கொண்டால் எஞ்சின் பேசுவது கேட்காது என்பதுதான் அந்தத் தலைமுறையின் வாதம். பாதி உண்மையும்கூட. உங்கள் வீட்டிலும் பட்டறைக்கோ தொழிற்சாலைக்கோ போகிற அண்ணனோ மாமாவோ இருந்தால், “கேக்குது, ஆனா வெளங்கல” என்று அவர் சொன்னால், அதைக் குணம் என்று நினைக்காதீர்கள். நான் ஆறு வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

செவிக்கருவி வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் நாள் குழாயில் தண்ணீர் விழுவது எரிச்சலாக இருக்கிறது என்று கழற்றி வைத்தார். இரண்டாம் நாள் பேப்பர் புரட்டுகிற சத்தம். பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று மெதுவாகப் போகிறோம். என் பங்குக்கு நிலையத்தில் ஒரு சண்டை போட்டேன். காலைச் செய்திச் சுருக்கத்துக்கு அடியில் ஓடுகிற இசையை எடுத்துவிடலாம் என்று. இசை இல்லாவிட்டால் ‘காய்ந்த ரொட்டி’ மாதிரி இருக்கும் என்றார்கள். இப்போதைக்கு இசையின் அளவைக் குறைத்திருக்கிறோம். இன்னும் கொஞ்சம் குறைய வேண்டும். பார்ப்போம்.

போன ஞாயிறு மறுபடி நிலத்துக்குப் போனோம். இப்போது கருவிப் பெட்டியில் இரண்டு ஜோடிக் காது மூடிகள் இருக்கின்றன. கயிறை இழுப்பதற்கு முன்னால் அப்பா செவிக்கருவிகளைக் கழற்றி, அவற்றின் சின்ன டப்பாவில் வைத்து, டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார். அப்புறம் மூடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மாட்டினாலும் எஞ்சின் கேட்கிறதா என்று கையால் கேட்டேன். கட்டைவிரலைக் காட்டினார். இரண்டு டேங்க் ஓட்டினோம். நீலப் புகை நூல் மாதிரி பின்னாலேயே வந்தது. நான் ஊசியைத் தொடவில்லை.

முடித்ததும் டேங்கைக் காலி செய்து, உள்ளே மிச்சம் இல்லாமல் எஞ்சினை ஓடவிட்டு, பிளக்கைக் கழற்றி நாலு சொட்டு எண்ணெய் விட்டோம். மெத்தனாலை உள்ளே விட்டுவைத்தால் பேரிங் துருப்பிடிக்கும். அப்பா மூடியைக் கழற்றிவிட்டுக் கருவிகளை மறுபடி மாட்டிக்கொண்டு, நான் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“செவ்வாக்கெழம காலையிலே, அந்த மாமியாரு ஜோக்கு ஒண்ணு சொன்னியே.”

“கேட்டீங்களா?”

“நல்லாவே இல்ல” என்றார். “அந்தப் பஞ்சை எடு.”